முப்பத்தாறரை டிகிரிக் கோடு

அமெரிக்க வரைபடத்தில் ஓக்லஹோமா மாநிலத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வாணலிக்குக் கைப்பிடி வைத்த மாதிரி மேற்குப் பக்கம் ஒல்லியாக ஒரு பட்டை நீண்டிருக்கும். வடக்கு தெற்காக சுமார் 55 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டருக்கும் மேல். ஆறோ மலையோ அந்த எல்லைகளைப் போடவில்லை. வரைபடத்தை வெறித்துப் பார்ப்பது எனக்குப் பழைய வியாதி. இது ஏன் இப்படி இருக்கிறது என்று தேடப் போனால், தேடல் நேராக அடிமைமுறையில் கொண்டுபோய் நிறுத்தியது.

டெக்சஸ் அடிமை மாநிலம். மேற்கின் புதிய நிலத்தில் 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று 1820-லேயே ஓர் ஏற்பாடு இருந்தது. டெக்சஸோ அந்தக் கோட்டுக்கு மேலேயும் நிலம் தனக்கு என்று உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தது. 1850-ல் மத்திய அரசு 1 கோடி டாலர் தருகிறேன், எல்லைச் சண்டையை விடு என்று சொன்னபோது, டெக்சஸ் தன் வட எல்லையைச் சரியாக அந்தக் கோட்டிலேயே நிறுத்திக்கொண்டது. நான்கு வருடம் கழித்து கேன்சஸின் தெற்கு எல்லை 37 டிகிரியில் போடப்பட்டது. நடுவில் அரை டிகிரி அகலத்துக்கு ஒரு துண்டு எந்த மாநிலத்திலும் சேராமல் கிடந்தது. 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே அதைக் கூப்பிட்டார்கள் (அங்கே கொமான்சி மக்கள் இருந்தார்கள், அவர்களை யார் கேட்டார்கள்). 1890-ல்தான் அது ஓக்லஹோமாவோடு சேர்ந்தது.

அதாவது அடிமைமுறை ஒழிந்து 150 வருடங்களுக்கு மேல் ஆகியும், அதன் பேரம் நடந்த கோடு இன்னும் வரைபடத்தில் அப்படியே இருக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிட உறுத்திய கேள்வி வேறு. ஆபிரகாம் லிங்கன் 1860-ல் ஜெயித்தபோது அவருடைய குடியரசுக் கட்சி அடிமைகளை விடுவிப்பேன் என்று வாக்குறுதி தரவில்லை. இருக்கும் மாநிலங்களில் இருக்கட்டும், புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. இதற்காகவா தெற்கு மாநிலங்கள் நாட்டை உடைத்துக்கொண்டு போயின? கையில் இருப்பதை யாரும் தொடவில்லை, கையில் இல்லாத நிலத்துக்காகவா போர்? படித்த அளவில் எனக்குப் பட்டது இதுதான்: அந்த அடிமைமுறையால் இருந்த இடத்தில் இருந்து பிழைக்க முடியாது. பணத்துக்காகவும் அது நகர வேண்டும், ஓட்டுக்காகவும் அது நகர வேண்டும்.

ஓட்டுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1787-ல் அரசியல் சட்டம் எழுதியபோது, மக்கள்தொகைக்கு ஏற்ப பிரதிநிதிகள் சபையில் இடம் என்று முடிவானது. அடிமைகளை எண்ணுவதா, கூடாதா? வாங்கி விற்கும்போது சொத்து, தொகுதி பிரிக்கும்போது மக்கள் என்று தெற்கத்திக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம் என்று உடன்பாடு. ஓட்டே இல்லாத மனிதர்களின் தலையை எண்ணி, அவர்களுடைய முதலாளிகளுக்குக் கூடுதல் இடம். 1793-ல் சுதந்திர மக்களை மட்டும் எண்ணியிருந்தால் அடிமை மாநிலங்களுக்கு 33 இடம் வந்திருக்கும், வந்ததோ 47. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான தேர்வாளர் எண்ணிக்கையும் இதே கணக்கில்தான் ஓடியது. முதல் 12 குடியரசுத் தலைவர்களில் 8 பேர் பதவியில் இருந்தபோதே அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பது தற்செயல் இல்லை.

இப்போது நிலம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் மிகவும் வயிற்றெரிச்சலைத் தந்த பகுதி ஹெய்ட்டிதான்.

1791-ல் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தீவான சான் டொமிங்கில் (பிற்பாடு ஹெய்ட்டி ஆனது இதுதான்) அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். துசாந்த் லூவெர்த்யூர் தலைமையில் அது ஒரு படையாகவே மாறிவிட்டது. நெப்போலியன் 1801 டிசம்பரில் தன் மைத்துனர் லெக்லெர்க்கைப் பெரும்படையோடு அனுப்பினார். துசாந்தை ஏமாற்றிப் பிடித்து பிரான்ஸுக்குக் கொண்டுபோய் மலைக்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள், அவர் 1803 ஏப்ரலில் அங்கேயே செத்துப்போனார். ஆனால் தீவில் போர் நிற்கவில்லை. பிரெஞ்சுப் படையில் பாதியைப் போராளிகளும் பாதியை மஞ்சள் காய்ச்சலும் பார்த்துக்கொண்டன, லெக்லெர்க்கும் அந்தக் காய்ச்சலில்தான் போனார். சர்க்கரைத் தீவு கையை விட்டுப் போனபின், அதற்குச் சோறு போட வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே வைத்திருந்த லூசியானா என்ற பெரும் நிலம் எதற்கு என்று நெப்போலியனுக்குத் தோன்றிவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை மட்டும் வாங்கலாம் என்று போன அமெரிக்கத் தூதர்களிடம், மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 1.5 கோடி டாலருக்கு சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். அமெரிக்காவின் பரப்பு ஒரே கையெழுத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

யோசித்துப் பாருங்கள். விலங்கை உடைக்க ஹெய்ட்டியின் கறுப்பர்கள் சிந்திய ரத்தத்தால் கிடைத்த நிலம், அமெரிக்காவில் அடிமைமுறை பரவுவதற்கான மைதானமானது. வாங்கியவர் அப்போதைய குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதிய அதே கை. 1804-ல் ஹெய்ட்டி சுதந்திர நாடானபோது அவர் அதை அங்கீகரிக்கவில்லை. அமெரிக்கா அங்கீகரித்தது 1862-ல், அதாவது தெற்கத்தி உறுப்பினர்கள் எல்லாம் நாடாளுமன்றத்தைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு.

அந்த நிலத்தில் எதை விதைப்பது என்பதற்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1793-ல் ஈலை விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் வந்துவிட்டது. உள்நாட்டு மண்ணில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் பஞ்சு கொட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பவுண்டு பிரிப்பதே பெரிது. இயந்திரம் 50 பவுண்டு பிரித்தது. வேலை குறைந்தது, ஆனால் பிரிக்கிற வேலைதான் குறைந்தது, விதைப்பதும் களையெடுப்பதும் பறிப்பதும் பல மடங்கு கூடிவிட்டன. இங்கிலாந்து ஆலைகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கின. இந்தச் சார்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்கே உறுத்தி, 1840-களில் அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கூட்டிவந்து நம் கோயம்புத்தூர்ப் பக்கம், தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில், அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். மிசிசிப்பிக்குப் போட்டியாகும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் புகையிலை போட்டுப் போட்டு மண் சத்திழந்திருந்தது. அங்கே முதலாளிகளிடம் வேலைக்குத் தேவையானதைவிட அதிக அடிமைகள். 1808 ஜனவரி 1 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதிக்குத் தடை, அதனால் உள்நாட்டுச் 'சரக்கு'க்கு விலை ஏறியது. தெற்கே அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவில் கறுப்பு மண்ணும் ஆள் பசியும். 1790-லிருந்து 1860 வரை கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் இப்படி மேல்தெற்கிலிருந்து கீழ்த்தெற்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆண்களை வரிசையாகச் சங்கிலியில் பிணைத்து வாரக்கணக்கில் நடத்திக் கூட்டிப்போனார்கள், சிலரைக் கப்பலில் ஏற்றினார்கள். இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றான ஃபிராங்க்ளின் அண்ட் ஆர்ம்ஃபீல்ட் கடை விரித்திருந்த அலெக்ஸாண்ட்ரியா, அப்போது தலைநகர் வட்டாரத்துக்குள்ளேயே இருந்தது. மனைவி ஓரிடம், பிள்ளை ஓரிடம். மேற்கே ஒரு புதிய மாநிலம் திறந்தால் வர்ஜீனியாவில் இருக்கும் முதலாளிக்கு லாபம், அவர் வீட்டை விட்டு நகரக்கூட வேண்டாம். அடிமைமுறை பரவாமல் தடுப்பது என்றால் இந்தச் சந்தையின் விலையை உடைப்பது என்று அர்த்தம்.

சரி, மிசூரிக்கு வருவோம்.

1819-ல் மிசூரி மாநிலமாக விண்ணப்பித்தது. அங்கே சுமார் 10,000 அடிமைகள். நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: இனிமேல் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, மாநிலமான பிறகு பிறக்கும் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை. இருக்கிறவர்களை அது தொடவே இல்லை. ஆனாலும் சபை கொந்தளித்துவிட்டது. ஜார்ஜியாவின் தாமஸ் காப், நீங்கள் மூட்டிய தீயைக் கடல் நீரெல்லாம் சேர்ந்தாலும் அணைக்க முடியாது, ரத்தக் கடலால்தான் முடியும் என்றார். உள்நாட்டுப் போர் வரத்தான் வேண்டுமென்றால் வரட்டும் என்று டால்மேட்ஜ் திருப்பிக் கொடுத்தார். போர் வர இன்னும் 42 வருடம் இருக்கிறது, வசனம் அன்றைக்கே தயார்.

பிரதிநிதிகள் சபையில் திருத்தம் நிறைவேறியது, செனட்டில் விழுந்தது. மொத்தச் சிக்கலும் இங்கேதான். ஐந்துக்கு மூன்று கணக்கு இருந்தும் வடக்கில் மக்கள்தொகை வேகமாக ஏறியதால் பிரதிநிதிகள் சபையில் சுதந்திர மாநிலங்கள் (அடிமைமுறை இல்லாதவை) 105, அடிமை மாநிலங்கள் 81. செனட்டில் மட்டும் மாநிலத்துக்கு இரண்டு இடம், சின்ன மாநிலமானாலும் பெரிய மாநிலமானாலும். 1819 டிசம்பரில் அலபாமா சேர்ந்ததும் 11-க்கு 11. இந்தச் சமநிலையைப் பிடித்து வைத்திருக்கும் வரை அடிமைமுறைக்கு எதிராக ஒரு சட்டமும் நகராது. அதற்குத் தொடர்ந்து புதிய அடிமை மாநிலங்கள் வேண்டும், புதிய மாநிலங்களுக்குப் புதிய நிலம் வேண்டும்.

கடைசியில் மாசசூசெட்ஸிலிருந்து மெய்னைப் பிரித்துச் சுதந்திர மாநிலமாக்கி, மிசூரியை அடிமை மாநிலமாகவே சேர்த்து, லூசியானா நிலத்தின் மற்ற பகுதியில் 36 டிகிரி 30 நிமிடத்தில் கோடு கிழித்தார்கள். மிசூரியின் தடையை நீக்கிய ஓட்டெடுப்பு 90-க்கு 87. வடக்கத்தி உறுப்பினர்கள் சிலர் கட்சி தாவாமல் இருந்திருந்தால் கதையே வேறு.

இதைக் கேள்விப்பட்ட கிழவர் ஜெஃபர்சன் 1820 ஏப்ரலில் ஒரு கடிதம் எழுதினார், பள்ளிப் புத்தகங்களிலெல்லாம் வரும் கடிதம். நடுராத்திரியில் தீ மணி கேட்டது போல் நடுங்கிப்போனேன், ஓநாயின் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்கிறார். அதே கடிதத்தில், அடிமைகளைப் பரந்த நிலத்தில் பரப்பிவிட்டால் அவர்கள் தனித்தனியாக இன்னும் சந்தோஷமாக இருப்பார்கள் என்றும் வாதிடுகிறார். படிக்கும்போது மனசாட்சியோடு போராடும் ஒரு மனிதர் தெரிகிறார். அப்புறம் அதே வருடம் ஜூனில் தன் மருமகன் எப்ஸுக்கு எழுதிய இன்னொரு கடிதம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு குழந்தை பெறும் பெண், தோட்டத்தின் சிறந்த ஆணைவிட லாபமானவள், ஏனென்றால் அவள் பெறுவது மூலதனத்தில் சேர்கிறது என்கிறார் அதில். ஓநாய் கடிதத்துக்கும் இதற்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. இந்த இரண்டாவது கடிதத்தைப் படித்த பிறகு முதல் கடிதத்தின் நடுக்கத்தை என்னால் அவ்வளவு மரியாதையாகப் பார்க்க முடியவில்லை. அவர் 1826-ல் இறந்தார், அடுத்த ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ தோட்டத்தில் 130 அடிமைகளைக் கடனுக்காக ஏலத்துக்கு வைத்தார்கள். மூலதனம்தானே.

கோட்டுக்குத் தெற்கே பருத்தி பரவ இன்னொரு தடை இருந்தது. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பியின் நல்ல பருத்தி மண்ணில் செரோக்கி, க்ரீக், சாக்டா, சிக்கசா மக்கள் இருந்தார்கள். 1830-ல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் பழங்குடி வெளியேற்றச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்று தப்பிப் பிழைத்தது. ஓட்டில்லாத அடிமைகளின் பெயரால் வந்த கூடுதல் இடங்கள் இல்லாவிட்டால் அது தோற்றிருக்கும். 1838-39-ல் சுமார் 16,000 செரோக்கிகளை மேற்கே துரத்தினார்கள், வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் செத்தார்கள். செரோக்கிகளில் வசதியானவர்கள் தங்கள் கறுப்பின அடிமைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இந்தக் கதையில் சுத்தமான கை கிடைப்பது கஷ்டம். 1840-ல் மிசிசிப்பியின் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள்.

டெக்சஸில் அடிமை முதலாளிகள் வேறொரு நாட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள். மெக்சிகோ தன் வடக்கு எல்லையில் குடியேற அமெரிக்கர்களை அனுமதித்தது, அவர்கள் அடிமைகளோடு வந்தார்கள். 1829-ல் மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் விசென்டே கெரேரோ, தானே ஆப்பிரிக்க வம்சாவளி கலந்தவர், அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டார். டெக்சஸுக்கு விலக்குக் கேட்டு வாங்கினார்கள், ஆனாலும் பயம் போகவில்லை. 1836-ல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டபோது எழுதிய அரசியல் சட்டத்தைப் பாருங்கள்: சட்டமன்றம் அடிமைகளை விடுவிக்க முடியாது, முதலாளியே விரும்பினாலும் சட்டமன்ற அனுமதி இல்லாமல் விடுவிக்க முடியாது, சுதந்திரக் கறுப்பர் அனுமதியின்றி அங்கே வசிக்க முடியாது. சுதந்திரப் போராட்டம் என்று சினிமாக்களில் பார்க்கிறோமே, அந்தப் போராட்டம் இதுவும்தான். 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தார்கள். ஒப்பந்தமாகக் கொண்டுபோனால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், முந்தைய வருடம் அப்படிப் போய்த் தோற்றிருந்தார்கள். அதனால் இந்த முறை கூட்டுத் தீர்மானம் என்ற குறுக்குவழி, செனட்டில் 27-க்கு 25. அதன் தொடர்ச்சியாக மெக்சிகோவோடு போர், 1848-ல் கலிஃபோர்னியா வரை நிலம்.

போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, பென்சில்வேனியாவின் டேவிட் வில்மாட், மெக்சிகோவிடமிருந்து எடுக்கும் எந்த நிலத்திலும் அடிமைமுறை கூடாது என்று ஒரு நிபந்தனை கொண்டுவந்தார். இங்கே நாம் கைதட்டத் தயாராகும்போதுதான் அவரே தெளிவாக்குகிறார்: எனக்கு அடிமைகள்மேல் பெரிய அனுதாபம் ஒன்றும் கிடையாது, வெள்ளை உழைப்பாளிக்கு நல்ல நிலம் வேண்டும். வடக்கின் பரவல் எதிர்ப்பில் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது. ஆரிகனில் 1857-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அடிமைமுறையைத் தடுத்தார்கள், அதே ஓட்டெடுப்பில் சுதந்திரக் கறுப்பரும் உள்ளே வரக் கூடாது என்று தடுத்தார்கள். அடிமைமுறை ஒழிய வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு, ஆனால் தேர்தல்களை ஜெயிக்க வைத்த கூட்டம் அவர்களுடையது இல்லை.

வில்மாட் நிபந்தனை செனட்டில் செத்தது. ஆனால் தங்கம் கிடைத்த கலிஃபோர்னியாவுக்கு ஊர் உலகமே திரண்டதால் அது 1850-ல் நேராகச் சுதந்திர மாநிலமாக நுழைந்து, 15-க்கு 15 என்றிருந்த கணக்கைக் குலைத்தது. பதிலுக்குத் தெற்கு வாங்கியது தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்கும் சட்டம். பிடிபட்டவர் அடிமைதான் என்று தீர்ப்புச் சொன்னால் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். வடக்கு மாநிலங்கள் ஒத்துழைக்க மறுத்தபோது மத்திய அரசின் படையே வந்தது. 1854-ல் மாசசூசெட்ஸின் பாஸ்டனில் ஆண்டனி பர்ன்ஸ் என்ற ஒரே ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப, தெருவெங்கும் சிப்பாய்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் போர் மாநில உரிமைக்காக நடந்தது என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு, டெக்சஸில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலரும் அங்கே கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். மாநில உரிமை என்றால் தமிழர்களான நமக்கு இயல்பாகவே ஒரு சாய்வு வேறு இருக்கிறதா, சுலபமாக நம்பிவிடுகிறோம். மாசசூசெட்ஸின் உரிமையைப் பற்றி 1854-ல் தெற்கு கவலைப்படவே இல்லை.

அதே 1854-ல் இல்லினாய் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ், சிகாகோவிலிருந்து மேற்கே ரயில்பாதை போகும் ஆசையில், கேன்சஸிலும் நெப்ராஸ்காவிலும் அந்தந்த ஊர் மக்களே முடிவு செய்யட்டும் என்று சொல்லி 36 டிகிரி 30 நிமிடக் கோட்டை அழித்தார். மக்கள் எப்படி முடிவு செய்தார்கள்? 1855 மார்ச் தேர்தலில் கேன்சஸில் தகுதியான வாக்காளர்கள் சுமார் 2,900 பேர், விழுந்த ஓட்டு 6,000-க்கும் மேல். மிசூரியிலிருந்து ஆட்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து குத்திவிட்டுப் போனார்கள். கள்ள ஓட்டுப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், இருந்தாலும் இது கொஞ்சம் அதிகம். அடுத்த வருடம் அங்கே அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது, பதிலுக்கு அடிமைமுறையை எதிர்த்த ஜான் பிரவுனின் ஆட்கள் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள்.

மிச்சத்தை 1857-ல் உச்ச நீதிமன்றம் முடித்தது. ட்ரெட் ஸ்காட் தன் எஜமானரான ராணுவ மருத்துவரோடு இல்லினாயிலும், பிறகு கோட்டுக்கு வடக்கே ஸ்னெல்லிங் கோட்டையிலும் வருடக்கணக்கில் இருந்தவர். அங்கேதான் ஹாரியட்டை மணந்தார். மூத்த மகள் எலைசா மிசூரிக்கு வடக்கே, மிசிசிப்பி ஆற்றில் ஒரு நீராவிப் படகில் பிறந்தாள், இரண்டு பக்கமும் அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மண். சுதந்திர மண்ணில் வாழ்ந்தோம், எங்களை விடுங்கள் என்பது வழக்கு, பதினொரு வருடம் இழுத்தது. தலைமை நீதிபதி டேனி சொன்னது: கறுப்பர்கள் குடிமக்களே இல்லை, வழக்குப் போடவே உரிமை கிடையாது, அதோடு அந்தக் கோட்டைப் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இருந்ததில்லை. 7-க்கு 2 தீர்ப்பு. சில மாதங்களில் வேறு வழியில் ஸ்காட்டுக்கு விடுதலை கிடைத்தது. அடுத்த வருடம் செத்துப்போனார்.

தீர்ப்பு சாதகமாக வந்தும் தெற்கின் பசி அடங்கவில்லை. அதற்கு முன்பே கியூபாவை ஸ்பெயினிடமிருந்து வாங்கப் பார்த்தார்கள், தராவிட்டால் பிடுங்கலாம் என்று 1854-ல் மூன்று தூதர்கள் எழுதியே வைத்தார்கள். வில்லியம் வாக்கர் என்ற ஒரு ஆசாமி தனிப்படையோடு நிகராகுவாவுக்குப் போய் 1856-ல் தன்னையே அதிபராக்கிக்கொண்டு, அங்கே ஒழிந்திருந்த அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார்.

லிங்கன் ஜெயித்த பிறகு, செனட்டர் கிரிட்டன்டன் பழைய கோட்டைத் தூசி தட்டி எடுத்தார். பசிபிக் வரை நீட்டுவோம், தெற்கே அடிமைமுறைக்கு நிரந்தரப் பாதுகாப்பு, இப்போதுள்ள நிலத்துக்கு மட்டுமல்ல, இனி பெறப்போகும் நிலத்துக்கும். லிங்கன் இதில் மட்டும் அசையவில்லை. ஒப்புக்கொண்டால் ஒரு வருடத்துக்குள் கியூபாவைப் பிடித்துக் கொடுத்தால்தான் நாட்டோடு இருப்போம் என்பார்கள் என்று 1861 ஜனவரியில் எழுதினார். மிகைப்படுத்துகிறார் என்று தோன்றலாம். 1861 பிப்ரவரி 1-க்குள் பிரிந்துபோன ஏழும் பருத்தி மாநிலங்கள். மார்ச்சில் அவர்கள் தங்கள் புதிய நாட்டுக்கு ஒரு அரசியல் சட்டம் எழுதினார்கள். பெரும்பகுதி பழையதன் பிரதி. அவர்கள் சேர்த்தவற்றில் ஒன்று, எதிர்காலத்தில் புதிய நிலம் பெறும் அதிகாரம் தங்களுக்கு உண்டு, அப்படிப் பெறும் எல்லா நிலத்திலும் நாடாளுமன்றம் அடிமைமுறையை அங்கீகரித்துப் பாதுகாக்க வேண்டும் என்பது.